நடுக்கோடு

முன்பம்பரின் நடுவில் இருக்கும் கம்பெனிச் சின்னத்தின் மேல் நூலைப் பிடித்துத் தொங்கவிடுகிறேன். நூலின் முனையில் அப்பாவின் தூக்குக்குண்டு. உடம்பு பித்தளை, கூர்முனை மட்டும் இரும்பு. அறுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரின் தோ பாயோவில் அடுக்குமாடிகள் எழும்பிய காலத்தில் அவர் சுவர் எடுத்தது இதை வைத்துத்தான். குண்டு ஆடி ஆடி அடங்கும்வரை நான் அசைய மாட்டேன். அடங்கியதும் கூர்முனைக்கு நேர் கீழே, தரையில் ஒட்டிய டேப்பில் பென்சிலால் ஒரு புள்ளி. காரின் பின்பக்கம் போய் அதேபோல இன்னொரு புள்ளி. கலர்ப்பொடி தடவிய நூலை இரண்டு புள்ளிகள் மேலும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால், காருக்கு அடியில் புகுந்து முன்னால் மூன்று மீட்டர் வரைக்கும் தரையில் நீலக்கோடு விழும். அதுதான் அந்தக் காரின் நடுக்கோடு. இதற்குப் பிறகு ஸ்கேனர், டார்கெட் போர்டு, லேசர் எல்லாம் வரும். ஆனால் அத்தனையும் இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கும்.

நான் வேலை பார்க்கும் பட்டறை காக்கி புக்கிட்டில் இருக்கிறது. கார்கள் சரிவுப் பாதையில் சுற்றிச் சுற்றி ஏறி வரும் தொழிற்கூடக் கட்டடத்தின் நாலாவது மாடி. 1993-ல் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் மோட்டார் மெக்கானிக் படிக்கச் சேர்ந்தபோது, கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு ஐட்லிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். காதும் கையும் போதும் என்று நம்பி வளர்ந்தவன் நான். இன்றைக்கு என் வேலையில் பாதி, காரின் கண்ணைச் சரிபார்ப்பது.

ரியர்வியூ மிரருக்குப் பின்னால், முன்கண்ணாடியோடு ஒட்டினாற்போல ஒரு கறுப்பு மூடி தெரியும். அதற்குள் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பெட்டியில் கேமரா. முன்னால் போகிற வண்டியையும் குறுக்கே வரும் ஆளையும் பார்ப்பது அது. ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை மெல்ல இழுப்பது, எதிரே வண்டி வந்தால் ஹைபீமைத் தானே இறக்குவது, இடிக்கப் போகிறோம் என்றால் நம் காலுக்கு முன்னால் பிரேக்கை அழுத்துவது, எல்லாம் அது பார்த்துச் சொல்வதை வைத்து நடக்கிறது. 1999-ல் ஜெருசலேமில் ஆம்னான் ஷாஷுவா என்ற பேராசிரியர் மொபைல்ஐ கம்பெனியைத் தொடங்கியபோது, ஒற்றைக் கேமராவை வைத்துத் தூரத்தைக் கணக்கிட முடியும் என்பதை ஒத்துக்கொண்டவர்கள் அதிகம் இல்லை. தூரம் தெரிய மனிதனைப்போல இரண்டு கண் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஜப்பானில் சுபாரு 2008-ல் ‘ஐசைட்’ கொண்டுவந்தபோது இரண்டு கேமராக்களைத்தான் வைத்தது. இன்று என் பட்டறைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைக் கண்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் தானாகப் பிரேக் போடும் வசதி கட்டாயம்.

ஒற்றைக் கண் எப்படித் தூரம் அறிகிறது என்று தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் இந்த வேலையின் மேல் எனக்குப் பயம் வந்தது. முன்னால் போகும் வண்டியின் டயர் ரோட்டைத் தொடும் இடம், படத்தில் எவ்வளவு கீழே தெரிகிறது என்று கேமரா பார்க்கிறது. கீழே தெரிந்தால் கிட்டே, மேலே தெரிந்தால் தூரத்தில். தன் உயரம் அதற்குத் தெரியும், தான் எந்தக் கோணத்தில் பார்க்கிறோம் என்பதும் தெரியும், மிச்சம் பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரா அரை டிகிரி குனிந்திருந்து, அது குனிந்திருப்பது அதற்கே தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்தேன். 50 மீட்டரில் இருக்கும் வண்டி ஒன்று 75 மீட்டரில் தெரியும், அல்லது நிமிர்ந்திருந்தால் 37 மீட்டரில் தெரியும். ரேடார் கூடவே இருக்கும் வண்டிகளில் ஒன்றை ஒன்று திருத்திக்கொள்ளும். கேமராவை மட்டும் நம்பும் வண்டிக்கு அந்த உதவி இல்லை. எக்ஸ்பிரஸ்வேயில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் ஒரு வினாடிக்கு 25 மீட்டர். 25 மீட்டர் பிழை என்றால் ஒரு முழு வினாடி.

அரை டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியாது. கைக்கும் தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் கையை நம்பிய எனக்கு இதை ஒத்துக்கொள்ள நாளாயிற்று.

கேமரா தானாகக் கெடுவது குறைவு. நாம்தான் அதன் இடத்தைக் கலைக்கிறோம். முக்கால்வாசி வேலை முன்கண்ணாடி மாற்றிய பிறகு வரும். பிஐஇ எக்ஸ்பிரஸ்வேயில் லாரியிலிருந்து தெறித்த கல்லில் சின்னதாகக் கீறல் விழும், நம் ஊர் வெயிலிலும் மழையிலும் அது ஒரே வாரத்தில் கண்ணாடியின் குறுக்கே ஓடிவிடும். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் பிளாஸ்டிக் பிலிம். கேமராவைத் தாங்கும் பிராக்கெட் உள்பக்கத் தகட்டில் ஒட்டியிருக்கும். புதுக் கண்ணாடியில் அந்த பிராக்கெட் மயிரிழை தள்ளியிருந்தாலும், கண்ணாடியைச் சுற்றிப் பூசும் பசை ஓரிடத்தில் தடித்திருந்தாலும், கேமரா பார்க்கும் திசை மாறிவிடும். அதனால் பசை நன்றாக இறுகும்வரை நான் வேலையைத் தொடுவதே இல்லை. வாடிக்கையாளர் கீழே கோப்பிக் கடையில் மூன்றாவது கோப்பி குடித்துக்கொண்டிருந்தாலும் சரி. அடுத்து வீல் அலைன்மெண்ட் செய்தது, சஸ்பென்ஷன் மாற்றியது, முன்னால் இடித்துப் பம்பர் கழற்றியது. சோலார் பிலிம் ஒட்டுகிறவர்கள் கேமரா மூடியைக் கழற்றி மாட்டிய கேஸும் உண்டு. முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. அந்த அளவுக்குள் இருக்கும் பிலிமாக இருந்தாலும், கேமரா பார்க்கும் அந்தச் சின்ன ஜன்னலை மட்டும் விட்டு வெட்டி ஒட்டச் சொல்வேன்.

வண்டி உள்ளே வந்ததும் முதலில் டயர் காற்று. நான்கிலும் கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு. பிறகு காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை முஸ்தபா கடையில் வாங்கிய பத்துக் கிலோ அரிசிப் பைகள் வியாழக்கிழமைவரை அதிலேயே இருக்கும், பக்கத்தில் ஒரு டின் நல்லெண்ணெய், பிள்ளையின் சைக்கிள். எல்லாவற்றையும் இறக்கி வைக்க வேண்டும். பின்பக்கம் அமுங்கினால் மூக்கு தூக்கும், கண்ணும் தூக்கும். சில கம்பெனிகளின் வண்டியில் நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் மில்லிமீட்டரில் அளந்து ஸ்கேனரில் அடித்தால்தான் அடுத்த பக்கமே திறக்கும். பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டி வைப்பேன், பாதியில் வோல்டேஜ் இறங்கினால் எல்லாம் முதலிலிருந்து. அதற்கப்புறம்தான் தூக்குக்குண்டு, நீலக்கோடு, போர்டு.

போர்டு என்பது கறுப்பு வெள்ளைக் கட்டமோ வட்டமோ அச்சிட்ட பலகை. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறு வேறு. அதைச் சொன்ன தூரத்தில், சொன்ன உயரத்தில், நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். கேமரா அந்தக் கட்டங்களைப் பார்த்து, ‘இவை இந்த இடத்தில் இருக்க வேண்டியவை, எனக்கு இந்த இடத்தில் தெரிகின்றன, ஆக நான் இவ்வளவு திரும்பியிருக்கிறேன்’ என்று தன் கோணலைத் தானே கண்டுபிடித்து மனத்தில் வைத்துக்கொள்ளும். நாம் கேமராவைத் திருகுவதில்லை, அதற்கு நேர் எது என்று சொல்லிக்கொடுக்கிறோம்; இதுதான் கேலிபிரேஷன். அதற்கு நேர் தெரிய வேறு வழி கிடையாது. பலகையை நான் எங்கே நிறுத்துகிறேனோ அதுதான் அதற்கு நேர். மூன்று மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினால், 50 மீட்டரில் கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கும். ஆனாலும் ஸ்கேனரில் பச்சை டிக் வரும். பலகை தெரிந்ததா என்று மட்டும்தான் ஸ்கேனர் கேட்கிறது. அது எங்கே நின்றது என்று கேட்பதில்லை.

2017-ல் எங்கள் தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, இந்த வேலைக்கான முதல் செட்டை வாங்கிப் போட்டார். பிரேம், போர்டுகள், லேசர், எல்லாம் பளபளவென்று. இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்துவிட்டுப் போனார்கள். தரை மட்டமாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள், தரையை யாரும் அளக்கவில்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது, முட்டி வலி. ‘ரசமட்டம் ரெண்டடி நீளம். உனக்கு வேண்டியது இருபதடி. டியூப் இருக்கா?’ என்று கேட்டார்.

மறுநாள் ஜாலான் புசார் ஹார்டுவேர் கடையில் உள்ளே தெரிகிற டியூப் பத்து மீட்டர் வாங்கிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வேலை முடிந்த நேரம். டியூபில் தண்ணீர் ஊற்றி, உள்ளே நின்ற காற்றுக் குமிழிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டித் தட்டி மேலே ஏற்றினார். ‘குமிழி நின்னா எடுத்துப் போடு. காத்து இருக்கிற தண்ணி கணக்குக் காட்டாது.’ ஒரு முனையை ஸ்டூலில் உட்கார்ந்து அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையை நான் மூலை மூலையாகக் கொண்டுபோனேன். சக்கரம் நிற்கும் நான்கு இடம், பலகை நிற்கும் இடம், எல்லாம் டேப்பால் குறித்து வைத்திருந்தேன். தண்ணீர் அடங்கும்வரை ஒவ்வொரு தடவையும் காத்திருந்து, தரையிலிருந்து எவ்வளவு என்று சொல்லச் சொல்ல அவர் சிகரெட் அட்டையில் எழுதினார். பின்சக்கரம் நிற்கும் இடத்துக்கும் பலகை நிற்கும் இடத்துக்கும் நடுவே ஆறு மீட்டர். வித்தியாசம் 14 மில்லிமீட்டர். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சாக்கடைக்கு ஓட வேண்டும் என்று கட்டும்போதே கொடுத்த வாட்டம்.

‘முழுத் தரையும் ஒரே மாதிரி சாய்ஞ்சா என்ன குறை?’ என்று தவுக்கே கேட்டார். நியாயமான கேள்விதான். கார் தரையோடு சேர்ந்து சாய்கிறது, பலகையை நாங்கள் ரசமட்டம் வைத்து நிமிர்த்துகிறோம். ஒன்று தரையைக் கேட்கிறது, இன்னொன்று பூமியைக் கேட்கிறது. இரண்டும் ஒத்துப்போகாது. அப்பா இதை அவருக்கு மலாயில் விளக்கினார், சுவரையும் கதவு நிலையையும் உதாரணம் காட்டி. தவுக்கேயின் அப்பாவும் கட்டட வேலை பார்த்தவராம். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை, தரையைச் சமன் செய்ய எப்பாக்ஸி ஊற்ற ஆள் வரச் சொன்னார்.

இன்னொரு பிரச்சினை இருந்தது, அதை நான் சொல்லத் தயங்கினேன். பட்டறையின் பின்சுவரோரம் தரையோடு தரையாகத் தவுக்கேயின் சாமி மாடம். சிவப்புப் பெயின்ட், இரண்டு சிவப்பு பல்பு, காலையில் ஊதுவத்தி, மூன்று ஆரஞ்சு. கேமரா பார்க்கும் திசையில், பலகைக்குப் பின்னால் அந்த வெளிச்சம் விழுந்தது. பலகைக்குப் பின்னால் எதுவும் மின்னக் கூடாது, கட்டம் கட்டமாக எதுவும் இருக்கக் கூடாது, மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட தூண்கூடக் கேமராவைக் குழப்பும். தவுக்கே தானாகவே கவனித்துவிட்டு, வேலை நேரத்தில் பல்பை அணைத்துக்கொள்ளலாமே என்றார். சாமி விளக்கை என் வேலைக்காக அணைக்க எனக்கு மனம் வரவில்லை. இடத்தையே தொண்ணூறு டிகிரி திருப்பிப் போட்டோம். அதனால் ஒரு கார் நிறுத்தும் இடம் போயிற்று. காக்கி புக்கிட் வாடகையில் ஒரு கார் இடம் என்றால் என்ன என்று பட்டறை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். அவர் அதை இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் நான் ஒரு காரைத் தவறாக அனுப்பினேன்.

2019-ல் என்று நினைவு. அண்ணன் ஒருவர், பல வருடம் டாக்ஸி ஓட்டியவர், அப்போது தனியார் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி மாற்றி, கேலிபிரேஷனுக்கு வந்தது வண்டி. எல்லாம் முறையாகச் செய்தேன், பச்சை டிக் வந்தது, ரிப்போர்ட் அச்சடித்துக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வந்தார். ‘தம்பி, குறை சொல்றேன்னு நெனைக்காதே. லேன் அசிஸ்ட் போட்டா வண்டி நடுவுல நிக்கல. இடது கோட்டை ஒட்டியே போகுது. ராத்திரில பக்கத்து லேன்ல லாரி வந்தா நல்லதுதான், ஆனா இடது பக்கம் மோட்டார் சைக்கிள் வந்தா?’

மறுபடி நிறுத்தினேன். டயர், உயரம், தூரம், மட்டம் எல்லாம் சரி. அலைன்மெண்டில் ஏற்றிப் பார்த்தேன், பின்சக்கரங்கள் நேராகத்தான் ஓடின. சாயந்திரம் வரைக்கும் பிடிபடவில்லை. கடைசியில் முன்பக்கம் உட்கார்ந்து, இரண்டு ஹெட்லைட்டின் உள்விளிம்பிலிருந்தும் சின்னம் எவ்வளவு தூரம் என்று ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். ஒரு பக்கம் 24 மில்லிமீட்டர் கூட. அதாவது சின்னம் நடுவிலிருந்து 12 மில்லிமீட்டர் விலகி ஒட்டியிருக்கிறது. முன்பு எப்போதோ, வேறெங்கோ பம்பர் மாற்றியிருக்கிறார்கள். பெயின்ட் அருமையாக இருந்தது. சின்னத்தைக் கண் அளவில் ஒட்டியிருந்தார்கள்.

நான் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டது அந்தச் சின்னத்திலிருந்து. முன்னால் 12 மில்லிமீட்டர், அந்தக் கோட்டையே மூன்று மீட்டர் நீட்டியபோது பலகையில் 20 மில்லிமீட்டர். கேமரா அதைத்தான் நேர் என்று கற்றுக்கொண்டது. 50 மீட்டருக்கு அப்பால் அது இருபது சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நடுவைத் தேடியது. குண்டு நேராகத்தான் தொங்கியது. நான் தொங்கவிட்ட இடம் தவறு. நான்கு நாள் அந்த அண்ணன் சாங்கிக்கும் உட்லண்ட்ஸுக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், என் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டோடு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. ‘மூலைக்கல்லை யாரோ வெச்சிட்டுப் போயிருந்தா, அதை நம்பி நூல் கட்டாதே. நீயா ரெண்டு பக்கமும் அளந்து நடுவை எடு’ என்றார்.

அதிலிருந்து சின்னத்தை மட்டும் நான் நம்புவதில்லை. முன்சக்கரம் இரண்டுக்கும் நடு, பின்சக்கரம் இரண்டுக்கும் நடு, ஹெட்லைட் இரண்டுக்கும் நடு, மூன்றையும் தனித்தனியாக எடுத்து ஒத்துப் பார்ப்பேன். இன்னொரு பழக்கமும் வந்தது. ஸ்கேனர் தரும் ரிப்போர்ட்டில் தேதியும் வண்டி எண்ணும் ‘முடிந்தது’ என்ற வார்த்தையும் மட்டும்தான் இருக்கும். நான் ஒரு தனிச் சீட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்து கையால் எழுதுவேன்: நான்கு வளைவு உயரம், நான்கு டயர் காற்று, பலகைத் தூரம், இடம் வலம் அளவு. மூலச் சீட்டு வாடிக்கையாளருக்கு, கார்பன் நகல் எனக்கு. ‘எதையும் மாத்தாம ஒரு மணி நேரம் பலகையைக் காட்டிட்டு இவ்வளவு காசா?’ என்று கேட்கிறவர்களிடமும் இந்தச் சீட்டைத்தான் நீட்டுகிறேன். பாதிப் பேர் படிக்காமல் மடித்து டேஷ்போர்டு டிராயரில் போட்டுவிடுவார்கள்.

புரட்டாசி, ஐப்பசி மாதத்தில் லிட்டில் இந்தியா வாடிக்கையாளர்களிடமிருந்து போன் வரும். சிராங்கூன் ரோடு முழுக்கத் தீபாவளி வளைவு விளக்குகள் ஏறும் நேரம். ‘அண்ணே, கோயில்ல பூசை போட்டு எடுத்தோம். இப்ப முன்கேமரா வேலை செய்யலன்னு மெசேஜ் வருது.’ ஆயுத பூசைக்கும், புது வண்டி எடுத்தாலும், கோயில் வாசலில் நிறுத்தி மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து ஏற்றுவார்கள். முன்கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். சிலர் நெற்றி என்று நினைத்து மேல்நடுவில், சரியாகக் கேமராவுக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள். மாலை கீழே தொங்கி ரேடாரையும் மறைத்துவிடும். சிலர் டிஷ்யூவால் துடைப்பார்கள், குங்குமம் எண்ணெய்ப்பசையோடு மங்கலாகப் பரவி இன்னும் மோசமாகும். தண்ணீரும் சுத்தமான மைக்ரோபைபர் துணியும் போதும், கேலிபிரேஷன் தேவையில்லை, காசும் வாங்க மாட்டேன். சந்தனத்தைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்வேன். என் வண்டிக்கும் அப்படித்தான் வைக்கிறேன்.

எனக்கு லிட்டில் இந்தியா பற்றித்தான் அதிகக் கவலை. ஞாயிறு சாயந்திரம் டன்லப் ஸ்திரீட், பஃபலோ ரோடு பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே நடைபாதை எது ரோடு எது என்று பிரிக்க முடியாது. ஆள் கூட்டத்துக்குள் ஆள். காய்கறிப் பெட்டிகளை மார்பு உயரத்துக்கு அடுக்கித் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு காலும் ஒரு பெட்டியும்தான் தெரியும். கேமராவுக்குக் கற்றுக்கொடுத்த மனித உருவத்தில் அவர் எவ்வளவு ஒத்துப்போவார் என்று தேக்கா சந்தைப் பக்கம் நிற்கும்போதெல்லாம் யோசிப்பேன். 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் ரோடு, ஹேம்ப்ஷியர் ரோடு சந்திப்பில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கட்டடத் தொழிலாளி பஸ்ஸுக்கு அடியில் விழுந்து இறந்தார். அன்றிரவு நடந்த கலவரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்த மனிதர் நினைவுதான் நின்றது. கேமரா இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஒருமுறை பட்டறையில் ஒரு பையன் கேட்டான். இல்லை. அவர் பஸ்ஸின் பக்கவாட்டில் நடந்து வந்தவர், முன்கேமரா அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. இந்தக் கண்ணுக்கு முன்னால் மட்டும்தான் உலகம். வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்பது என் கட்சி.

சில வண்டிகளுக்குப் பலகை மட்டும் போதாது. ஸ்கேனரை மாட்டிக்கொண்டே ரோட்டில் ஓட்ட வேண்டும், கோட்டைப் பார்த்துப் பார்த்துக் கேமரா தானாகத் திருத்திக்கொள்ளும். அதற்குச் சிராங்கூன் ரோடு உதவாது. நான்கு அடிக்கு ஒரு சிக்னல், ஓரத்தில் வளைந்து வளைந்து போகும் மஞ்சள் கோடு, நடுவில் பழைய கோட்டை அழித்த தழும்பு. காலை பத்து மணிக்கு மேல் இசிபி எக்ஸ்பிரஸ்வேயில் சாங்கி பக்கம் போவேன். வெள்ளைக் கோடு தெளிவாக இருக்கும், இடதுபுறம் வரிசையாக மரங்கள். ஒரு சீராக, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் ஸ்கேனரில் ஏறும் எண்ணைச் சொல்லச் சொல்ல ஓட்டுவேன். எண்பது, எண்பத்தைந்து என்று ஏறிக்கொண்டிருக்கும்போது கடல் பக்கமிருந்து மழை வந்தால் எல்லாம் நின்றுவிடும். ஈர ரோட்டில் வெளிச்சம் பட்டால் எது கோடு எது தண்ணீர் என்று நமக்கே தெரியாது. நவம்பரிலிருந்து ஜனவரிவரை வானத்தைப் பார்த்துத்தான் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிறேன். வெயில் காலத்திலும் ஒன்று உண்டு. திறந்தவெளியில் நிறுத்திய காரில் கேமரா சுட்டுப்போய்க் கொஞ்ச நேரம் தூங்கிவிடும், ஏசி போட்டு ஆறினால் விழிக்கும். பயந்துபோய் வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புவேன்.

போன மாதம், சின்னம் விலகியிருந்த அந்த வண்டியின் அண்ணன் வந்தார். வண்டி வைத்திருக்கும் உரிமையான சிஓஇ முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, மறுபடியும் கண்ணாடியில் கல். தாடி முழுக்க நரைத்திருந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அப்பா காலமான விவரத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் டிராயரைத் திறந்து, பெட்ரோல் ரசீதுகளுக்கு நடுவிலிருந்து மஞ்சளாகிப்போன ஒரு தாளை எடுத்து நீட்டினார். 2019-ல் இரண்டாவது தடவை செய்தபோது நான் எழுதிக் கொடுத்த சீட்டு. ‘நீ சொன்னியே தம்பி, பத்திரமா வெச்சுக்கன்னு.’

வண்டியை நிறுத்தி, பின்பெட்டியைக் காலி செய்து, காற்றைச் சரிபார்த்து, நான்கு வளைவுகளையும் அளந்தேன். முன்பக்கம் இரண்டும் பழைய சீட்டோடு ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போயின. பின்பக்கம் இரண்டும் 9 மில்லிமீட்டர் குறைவு. வருடக்கணக்காக மூட்டை முடிச்சும் ஆட்களும் ஏற்றி ஏற்றி ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறது. வண்டியின் மூக்கு மெல்ல மெல்லத் தூக்கியிருக்கிறது, கேமராவும்தான். எந்த விளக்கும் எரியவில்லை. இந்த அளவுகளை அன்றைக்கு எழுதி வைத்திருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது, அந்த உயரத்திலேயே பலகையைக் காட்டிப் பச்சை டிக் வாங்கியிருப்பேன்.

‘அண்ணே, பின் ஸ்பிரிங் ரெண்டும் மாத்தணும். அதுக்கப்புறம்தான் கேமரா. நாளைக்கு வரைக்கும் வண்டி இங்க நிக்கட்டும்’ என்றேன். ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் அவருக்கு என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர் தரையில் கிடந்த நீலக்கோட்டைப் பார்த்தார், பிறகு சாவியை என் கையில் வைத்துவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். மறுநாள் புது ஸ்பிரிங் போட்டு அளந்த உயரங்களை அதே சீட்டின் பின்பக்கம் எழுதி, அவர் டிராயரிலேயே வைத்தேன்.